அடைப்புக்குறிக்குள் சித்தி

அறுபதுகளின் கடைசியில் வடக்கே படித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கம்ப்யூட்டர் கிறுக்குப் பிடித்திருந்தது. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக எழுதும் ஒரு மொழியைக் கற்றிருந்தேன். அதற்குள்ளேயே நமக்கு வேண்டிய குட்டி மொழி ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் என்னைக் கவிழ்த்தது. விடுமுறைக்கு ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்ததும் கை அரித்தது.

எங்கள் கிணறு பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று வீட்டுக்கும் பொது. கரண்டு நினைத்தால் வரும், நினைத்தால் போகும். மோட்டார் முறையில் தினமும் தகராறு. அதற்காக ஒரு தண்ணீர் மொழி செய்தேன். முறை, பாதி, வந்தாரா என்று ஏழெட்டுச் சொற்கள். வீட்டு முறைக்குள் வயல் முறை, அதற்குள் பாத்தி. மெஷின் இல்லாததால் நானே பென்சிலால் ஓட்டிப் பார்த்து, அந்தத் தாளைக் காலையில் மோட்டார் ரூம் கதவில் ஒட்டினேன். படித்த பிள்ளை எழுதியதென்று எல்லோரும் அப்படியே கேட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தாம் நாள் சித்தியின் வெங்காயம் மஞ்சளடித்துக் கிடந்தது. சித்தப்பா தவறி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த வெங்காயம்தான் அவளுக்குச் சோறு. நோட்டைப் புரட்டினேன். அவள் பெயர் இருந்தது. அடைப்புக்குறிகளை எண்ணினேன், எல்லாம் சரியாக மூடியிருந்தன. அப்புறம் ஏன் சொட்டுத் தண்ணீர் போகவில்லை? இரண்டு நாள் மண்டை குழம்பித் திரிந்தேன். சொற்களை மாற்றினேன், இன்னும் குழம்பியது. தப்பைக் கண்டுபிடிக்காமல் மடையைத் திருப்ப மனசு வரவில்லை. அப்படியொரு வீம்பு எனக்கு.

சித்தியே வந்தாள். "அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசி அப்பு" என்றாள்.

முறைக்காரர் மோட்டார் ரூமுக்கு வராவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போகும் என்பது எங்கள் வழக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் அதையே முதல் கேள்வியாக வைத்து, பட்டாவில் உள்ள பெயரைப் போட்டிருந்தேன். புருஷனின் அண்ணன்மார் நிற்கும் இடத்துக்குச் சித்தி வரமாட்டாள். என் தாளுக்கு முன்பெல்லாம் யாராவது சொல்லாமலே அவளுக்கு மடையைத் திருப்பிவிடுவார்கள். அதை ஒருவரும் விதியென்று சொன்னதில்லை, நானும் எழுதவில்லை.

வாசித்தேன். சித்தப்பா வந்தாரா? வந்திருந்தால் உள்ளே போ. அந்த உள்ளேதான் சித்தி இருந்தாள்.

"அவுக வந்தாத்தான் எனக்குத் தண்ணியா?"

வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்று எங்கள் வீட்டு முறை. மண்வெட்டியை எடுத்துப் போய்த் தண்ணீரை அவள் வயலுக்குத் திருப்பினேன். பாதி வெங்காயம்தான் பிழைத்தது.