பள்ளத்தூர் பள்ளியின் முன்சுவர்

பள்ளத்தூரில், நடக்க முடியாத பிள்ளைகளுக்காகப் பெற்றோர்களே நடத்தும் பள்ளி ஒன்று இருக்கிறது. வருடா வருடம் ஒரு கல்லூரிக் குழு வரும், முன்சுவருக்குப் பெயின்ட் அடிக்கும், பேனர் பிடித்துப் படம் எடுக்கும், போய்விடும்.

போன வாரமும் ஐந்து பேர் பெயின்ட் வாளியோடு வந்தார்கள்.

"இந்த வருசம் என்ன கலரு?" என்று பள்ளி வாசலில் நின்ற நான் எரிச்சலோடு கேட்டேன்.

குழுவில் ஒரு பெண் என்னைக் கண்டுகொள்ளாமல், பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் மல்லிகா அக்காவிடம் போனாள். "ஒங்களுக்கு என்னக்கா வேணும்?"

அக்கா சிரித்துவிட்டார். "இம்புட்டு வருசமா வாரீக, இதை ஒருத்தரும் கேட்டதில்லையே. கக்கூசுக்கு மூணு படி இருக்கு தாயி. யாராச்சும் தூக்கணுமேன்னு பிள்ளைக காலையிலருந்து தண்ணியே குடிக்கிறதில்ல."

அந்தச் சுவரில் ஒரு பூச்சு, நான் கல்லூரி மாணவனாக இருந்தபோது இப்படி ஒரு குழுவோடு வந்து அடித்தது. நானும் கேட்டதில்லை.

குழுவினர் பெயின்ட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு சிமென்ட்டோடு வந்தார்கள். படிக்குப் பதிலாகச் சாய்தளம் கட்டினார்கள். சக்கர நாற்காலியில் தாங்களே உட்கார்ந்து ஏறிப் பார்த்தார்கள். ஏற முடியவில்லை. யாரும் சொல்லாமலே இடித்துவிட்டு, இன்னும் நீளமாகக் கட்டினார்கள்.

இன்று காலை பதினான்கு வயது செல்வி தன் சக்கர நாற்காலியில் அதில் தனியாக ஏறிப் போனாள். உள்ளே போய்க் கதவைத் தானே சாத்திக்கொண்டாள். நாங்கள் வெளியே நின்றோம்.

திரும்பி வந்தவள், "ஒரு செம்பு தண்ணி குடுங்கக்கா" என்றாள்.

படம் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

முன்சுவர் இன்னும் போன வருடப் பெயின்ட்டில்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் வருடா வருடம் பெயின்ட் பூசிக்கொள்ளும் சுவர் எது? அப்படியே அங்கே கக்கூசுக்கு எத்தனை படி என்றும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.