துப்பாக்கிப் பிடியில் ஊசிக்குத்து

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னு எங்க வீட்டுக்காரர் போற இடமெல்லாம் சொல்லி வச்சிருந்தார். வராம என்ன செய்யும்? கல்யாணமான கையோட திண்டுக்கல்லுல பழனி ரோட்டோரம் ஒரு வீட்டுப் பின்கட்டுல என்னைக் குடிவச்சுட்டு, அவர் பாட்டுக்கு ஆட்டுத்தோல் வாங்கக் கிளம்பிருவார். செம்பட்டி, தொப்பம்பட்டி, கீரனூருன்னு பட்டி பட்டியாச் சுத்தித் தோலைச் சேத்துக்கிட்டு வந்து தோல் பதனிடுற ஷாப்புல போடுவார். அது பதமானதும் மெட்ராசுக்குக் கொண்டு போவார். வீட்டுல தங்குற நாளை விட வெளியில கிடக்குற நாள்தான் அதிகம். புள்ளைகுட்டியும் இல்லை. பேச ஆளில்லாத வீட்டுல கோபத்தை எங்க காட்டுறது? குடத்துக்கிட்டயும் சட்டிக்கிட்டயும் காட்டிக்கிட்டு இருந்தேன். அது ஐம்பதுகளோட கடைசி.

முன்கட்டுல வீட்டுச் சொந்தக்காரர் தனியா இருந்தார். பட்டாளத்துல கேப்டனா இருந்து ஓய்வு வாங்கினவர், பர்மாச் சண்டைக்குப் போய் உசுரோட திரும்பினவர். நாங்க குடிபோறதுக்கு முந்தியே அவர் சம்சாரம் தவறிட்டாங்க. அவங்களுக்கும் புள்ளை இல்லை. மனுசன் யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டார். காலையில ரோட்டுல விறைப்பா ஒரு நடை, மத்தியானம் ஒரு தூக்கம், அவ்வளவுதான். இந்த வீட்டுல இருந்தா எனக்குப் பேச்சே மறந்துபோயிரும்னு எங்க அம்மாகிட்டச் சொல்லி அழுதிருக்கேன்.

அந்த வீட்டுல எனக்குன்னு கேட்ட ஒரே சத்தம் சாயங்காலச் சத்தம்தான். விளக்கேத்துற நேரத்துக்கு முன்கட்டுல இருந்து மெத்துனு ஒரு ‘டக்’. செத்த நேரம் கழிச்சு இன்னொண்ணு. அப்படியே ஆறு தடவை கேட்கும், அப்புறம் நின்னுபோகும். முதல்ல பல்லின்னு நினைச்சேன். பிறகு ஒரு நாள் பொறுக்க முடியாம ரெண்டு கட்டுக்கும் நடுவுல இருக்குற நடைக்கதவுப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். யா அல்லா, மனுசன் கையில துப்பாக்கி!

அலறிப் போனேன். அவர் பதறவே இல்லை. உள்ளே ஒண்ணும் கிடையாதும்மான்னு சொல்லி, பக்கத்துல கூப்பிட்டுக் காட்டினார். அவர் தாத்தா காலத்துல சிறுமலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருத்தர் ஊருக்குக் கப்பலேறுறப்போ கொடுத்துட்டுப் போன கைத்துப்பாக்கியாம். இந்தக் காலத்துத் தோட்டா அதுக்குச் சேராது. உருளையில ஆறு குழி இருக்கும். ஒவ்வொரு குழியிலயும் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வச்சு இறுக இடிச்சு, பின்னால முலை மாதிரி துருத்திக்கிட்டு இருக்குற காதுல ‘கேப்’புங்கிற, பொட்டு வெடி மாதிரியான சின்ன மூடியை மாட்டணும். குதிரையை இழுத்து விட்டா அது கேப்புல அடிக்கும், வெடிக்கும். இந்தப் பக்கம் கவுதாரி சுடுற நாட்டுத் துப்பாக்கிக்கும் இதே கேப்புதான். அவர் மருந்தும் போடுறதில்லை, கேப்பும் மாட்டுறதில்லை. துடைச்சு எண்ணெய் போட்டு, சும்மா ஆறு தடவை குதிரையை விட்டுப் பாத்துட்டு வச்சிருவார். இரும்புல இரும்பு மோதிக் காது நசுங்காம இருக்க நடுவுல ஒரு தோல் துண்டு. அந்தத் துண்டு அன்னைக்குப் பிஞ்சு தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

தோலுக்கா எங்க வீட்டுல பஞ்சம்? கழிவுத் துண்டுல மெத்துனு இருந்ததை வெட்டிக் கொடுத்தேன். அதுல இருந்துதான் பேச்சு ஆரம்பமாச்சு. தோல் தேஞ்சதும் அவர் நடைக்கதவுல தட்டுவார், நான் புதுசு கொடுப்பேன். பிறகு, இன்னைக்கு என்ன வெஞ்சனம்னு அவர் கேட்கிறதும் நான் ஒரு கிண்ணத்துல கொண்டுபோய்க் கொடுக்கிறதும் பழக்கமாப் போச்சு. பட்டாளத்துல எல்லார் கையாலயும் சாப்பிட்டவர், வித்தியாசம் பார்க்க மாட்டார். காரத்துக்கு மட்டும் முகம் சுளிப்பார். பர்மாவுல சண்டை போட்டவருக்கு ஒரு பச்சைமிளகாய் தாங்கலையான்னு கேலி பண்ணுவேன்.

துப்பாக்கிப் பிடி மரத்துல ஆனது, கறுத்து வழவழன்னு இருக்கும். அதுல ஒரு பக்கம் மட்டும் பொடிப் பொடியாப் புள்ளி. அவர் பெருவிரல் எப்பவும் அதுமேலதான் கிடக்கும். ஒரு நாள் கேட்டேன். அவர் பர்மாவுல இருந்தப்போ அவர் சம்சாரம் இதே வீட்டுல தன்னந்தனியா இருந்தாங்களாம். திருட்டுப் பயத்துக்கு வெறுந்துப்பாக்கியைத் தலகாணிக்கு அடியில வச்சுப் படுப்பாங்களாம். புருசன் நெனப்புத் தாங்க முடியாத ராத்திரியில ஊசியை எடுத்துப் பிடியில ஒரு குத்துக் குத்துவாங்களாம். கடுதாசியில இதைப் பத்தி ஒரு வார்த்தை எழுதினதில்லை. அவர் திரும்பி வந்து பாத்துட்டு என்னன்னு கேட்டப்போதான், இதெல்லாம் உங்களைத் திட்டினதுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களாம். நான் அன்னைக்குச் சாயங்காலம் குடத்தை ஓங்கி வைக்கலை. எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

அறுபதுகளோட ஆரம்பத்துல ஒரு தேர்தல் வந்துச்சு. லைசென்ஸ் இருக்கிறவங்க துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு உத்தரவு. இவரும் கொண்டுபோய்க் கொடுத்தார். தேர்தல் முடிஞ்சு ஓட்டு எண்ணி ஆள் ஜெயிச்சும் போயாச்சு, துப்பாக்கி வரலை. லைசென்ஸைப் புதுப்பிக்கிற காகிதம் மதுரைக்குப் போயிருக்கு, வந்தாத்தான் கொடுக்க முடியும்னுட்டாங்க. மாசக்கணக்கா வரலை. அவர் வாராவாரம் சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போவார், ஆஸ்பத்திரியில கிடக்குற சொந்தக்காரங்களைப் பாக்கப் போற மாதிரி. அங்க இருந்த ஏட்டு, மரியாதை தெரிஞ்ச மனுசர். பெட்டியைத் திறந்து எடுத்துக் கையில கொடுப்பாராம். இவர் செத்த நேரம் வச்சிருந்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டு வருவார்.

அந்த மாசங்கள்ல சாயங்காலம் விளக்கேத்துறப்போ நான் காதைத் தீட்டிக்கிட்டு நிப்பேன். ஒண்ணும் கேட்காது. அவர் அதே நேரத்துக்கு அதே நாற்காலியில வந்து உக்காருவார், பெருவிரல் நாற்காலிக் கையைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தம் எனக்கும் துணையா இருந்திருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. அவருக்கு ஒரு மாசம், எனக்கு ஒரு மாசம்னு தனிமையைப் பங்கு போட முடியாதில்லையா. ரெண்டு பேரும் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா உக்காந்திருந்தோம்.

ஆயுதபூசை முடிஞ்ச மறுநாள் காலையில ஏட்டு சைக்கிள்ல வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. மதுரையில இருந்து காகிதம் வந்துருச்சாம். நல்ல நாளாச்சேன்னு தானே கொண்டாந்துட்டாராம். ஒரு பையில பொரி, கடலை, சுண்டல். இன்னொரு கையில சிவப்புத் துணியில சுத்தின துப்பாக்கி. நான் நடைக்கதவுல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

துணியை அவரே பிரிச்சார். குழல்ல சந்தனம், குங்குமம். பிடி புதுக்கட்டில் மாதிரி மினுமினுன்னு செவந்து கிடந்துச்சு. வார்னிஷ் வாசம் எனக்கே அடிச்சுச்சு. பூசைக்கு ஸ்டேஷன்ல இருக்குற துப்பாக்கிக்கட்டை, மேசை, நாற்காலி எல்லாத்தையும் ஆசாரியை விட்டு இழைச்சு மெருகு போட்டாங்களாம். கேப்டன் ஐயா பொருளை மட்டும் அழுக்கா விடலாமான்னு ஏட்டே எடுத்துக் கொடுத்திருக்கார்.

“பிடியில பூச்சி அரிச்சிருந்துச்சுங்கய்யா, ஒரே ஓட்டை. அரக்குக் காய்ச்சி அடைச்சு, கண்ணாடிச் சில்லால சுத்தமாச் சுரண்டியாச்சு. இனி நூறு வருசத்துக்குக் கவலை இல்லை” என்றார் ஏட்டு.

கேப்டன் ஐயாவோட பெருவிரல் பிடிமேல போய், மேலயும் கீழயும் தேடுச்சு. திருப்பி அந்தப் பக்கம் தேடுச்சு. அப்புறம் நின்னுபோச்சு. நான் ஒரு அடி முன்னால வச்சேன். வார்த்தை வாய் வரைக்கும் வந்துருச்சு. அவர் என்னைப் பாத்துத் தலையை லேசா ஆட்டினார், வேண்டாம்னு. ஏட்டைப் பாத்து நல்லாப் பண்ணியிருக்கீங்கன்னு சொன்னார், உக்காரச் சொன்னார். ஏட்டய்யாவுக்குக் காப்பி கொண்டு வாம்மான்னு என்கிட்டச் சொன்னார். நான் காப்பி போட்டேன். என் வாழ்க்கையில அம்புட்டு வெறுப்போட யாருக்கும் காப்பி போட்டதில்லை. ஏட்டு குடிச்சுட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டுக் கும்பிட்டுட்டுப் போனார்.

சைக்கிள் தெருமுனை திரும்பின பிறகு நான் கொட்டித் தீத்தேன். ஏன் பேசாம இருந்தீங்க, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதான்னு அவர் மேலயே பாஞ்சேன். பூசைன்னு நினைச்சுப் பண்ணியிருக்கார்மா, அவர்கிட்ட எதைச் சொல்றதுன்னார். குரல்ல கோபமே இல்லை. அது இருந்திருந்தாக்கூட எனக்குத் தேவலையா இருந்திருக்கும்.

சாயங்காலம் விளக்கேத்தினேன். ‘டக்’ சத்தம் வரலை. புதுத் தோல் துண்டு ஒண்ணை வெட்டிக்கிட்டுப் போனேன், தையல் ஊசியும் கையில இருந்துச்சு. அவர் துப்பாக்கியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். சந்தனத்தைத் துடைச்சிருந்தார், எண்ணெய் போடலை. அந்த வார்னிஷைச் சுரண்டிட்டு நானே பழையபடி குத்தித் தாரேன், எங்கெங்க இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன். அவர் ஊசியைப் பாத்தார். எத்தனை புள்ளின்னாவது சொல்லுங்க, அம்புட்டையும் குத்திடுறேன்னேன்.

“நான் எண்ணினதே இல்லையேம்மா” என்றார். “எங்க போயிரப் போகுதுன்னு இருந்துட்டேன்.”