மெம்பரம்மா வெட்டச் சொன்ன பள்ளம்

விடிவதற்கு முன்பே மருதாயியின் வாசலில் ஒரு குடம் தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கும். கர்ப்பப்பை ஆபரேசன் முடிந்து அவள் குனிய முடியாமல் கிடந்த மாதம் அது. யார் வைத்தது என்று தெரியாது. மாரியம்மன்தான் ஆள் அனுப்புகிறாள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மொண்டு குடித்தாள். ஒருநாள் சீக்கிரமே கதவைத் திறந்தபோது, சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பனிக்குள் நடந்து போகும் ஒரு முதுகு தெரிந்தது. வார்டு மெம்பர் கண்ணம்மாள். மருதாயி கூப்பிட்டாள். "ஒண்ணுமில்லீங்க, கொடம் ரெண்டா இருந்துச்சு" என்று திரும்பாமலே சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணம்மாள் மலைக்காரக் குடும்பம். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, சாமை விதைக்க ஒரு துண்டு நிலம். மருதாயியின் காலனியில் இருப்பவர்களோ எஸ்டேட் வேலைக்குக் கீழேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். அந்த வித்தியாசமெல்லாம் அவருக்கு இல்லை. "ங்க" போடாமல் அவருக்குப் பேச வராது. வழியை மறிக்கும் ஆட்டுக்குட்டியிடம்கூட, "தள்ளுங்க சாமி, நேரமாச்சு" என்பார். போனில் பேசினால் எதிர்மலைக்குக் கேட்கும். பால் ஊற்றின காப்பியைத் தொடமாட்டார். மாட்டுக்குக் கன்று இருக்கிறதே என்பார்.

காலனிக்குக் குழாய் கிடையாது. சரிவில் இறங்கி, ஊற்றில் மொண்டு, மூச்சு வாங்க ஏற வேண்டும். மேட்டுத் தொட்டியிலிருந்து காலனிக்குக் குழாய் இழுக்க ஊராட்சியில் தீர்மானம் போட வைத்தவர் கண்ணம்மாள்தான். தீர்மானம் ஆன சந்தோசத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த கையோடு, கோடை மழையில் மண் இளகிக் கிடக்கும்போதே, குழாய் பதிக்க அவரவர் வாசலுக்கு நேரே உள்ள மண்ணை அவரவரே வெட்டிவிடச் சொன்னார். மலையில் வழக்கம் அதுதான். சாமியிடம் சொல்லி முதல் வெட்டுப் போட்டுவிட்டால் மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்வார். அப்படி வெட்டினதைப் பாதியில் மூடுவது பாவம். சர்க்கார் வழக்கம் தலைகீழ். அங்கே முதலில் நிதி, பிறகு உத்தரவு, கடைசியில்தான் மண்வெட்டி.

ஊரே வெட்டியது. மருதாயியின் புருசன் பெரியசாமி மூட்டுவலியோடு தன் வாசலுக்கு நேரே முழங்கால் ஆழத்துக்கு வெட்டினார். அதற்குப் பிறகு வந்த மார்கழியோடு மெம்பர்களின் காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை. தனி அலுவலர் ஒருவரைப் போட்டார்கள். அவர் எப்போதாவது ஜீப்பில் வந்துபோனார். குழாய் வரவில்லை.

கண்ணம்மாள் மட்டும் காலையில் மண்வெட்டியோடு வந்து, பள்ளத்தில் சரிந்த மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு இந்தப் பாடு என்று மருதாயி கேட்டதற்கு, "வெட்டுன மண்ணு கேக்குமுங்க. பைப்பு வர்றப்ப தூந்து கெடந்தா யாரு மொகத்துல முழிக்கிறது?" என்றார். மெம்பரம்மா என்று யாராவது கூப்பிட்டால் சிரிப்பார். "மெம்பரு போயிருச்சுங்க. பேரு மட்டும் அட்ட மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடக்குது, உப்பு வெச்சாலும் உழுவ மாட்டேங்குது."

மழைக்காலம் தொடங்குமுன் இருவரும் பஸ் ஏறி ஏற்காட்டுக்குப் போனார்கள். யூனியன் ஆபீசில் சத்யராஜ் என்ற கிளார்க் உட்காரச் சொல்லி, பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். குழாய்க்கு என்று மேலிருந்து வர வேண்டிய நிதி இந்த பட்ஜெட்டில் குறைந்துவிட்டதாம். வருகிற காசு தெருவிளக்குக்கும் சம்பளத்துக்கும் சரியாகப் போகிறதாம். அதுவும் போக, உங்கள் ஊராட்சியைப் பேரூராட்சியோடு சேர்க்கப் பேச்சு நடக்கிறது. சேர்ந்துவிட்டால் பழைய தீர்மானம் நிற்காது, புது சபை வந்து முதலிலிருந்து கேட்க வேண்டும் என்றார். நூறு நாள் வேலையும் அதோடு போய்விடுமாம்.

கண்ணம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "நாங்க பள்ளமெல்லாம் வெட்டி வெச்சிருக்கமுங்க" என்றார் கடைசியாக.

சத்யராஜ் பேனாவைக் கீழே வைத்தார். "யாருங்கம்மா உங்கள வெட்டச் சொன்னது?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கண்ணம்மாள் கும்பிட்டுவிட்டு எழுந்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் மருதாயி மனசுக்குள் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

ஐப்பசி மழையில் பள்ளம் ஓடையாகிவிட்டது. மேட்டுத் தண்ணீரெல்லாம் அதில் இறங்கிச் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு போனது. ஒரு சாயங்காலம், கை நீட்டினால் கை தெரியாத பனி. எஸ்டேட்டிலிருந்து வந்த பெரியசாமி தன் வாசலுக்கு நேரே, தான் வெட்டின இடத்திலேயே கால் தவறி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. சேலத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு வேலம்மாள் வாயை அடக்கவில்லை. "தண்ணி வரும் தண்ணி வரும்னாங்க. வந்துச்சு பாரு, நல்லா செவசெவன்னு" என்று ஊர் கேட்கச் சொன்னாள்.

மறுநாள் கண்ணம்மாள் சேர்வராயன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துத் தேங்காய் உடைத்து, விழுந்து கும்பிட்டு எழுந்தார். பிறகு மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். வெட்டும்போது வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள். மூடும்போது யாரும் வரவில்லை. சாமிக்கு வெட்டினதை மூடப் பயம். மருதாயி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனாள். கண்ணம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "உங்களுக்கு வேண்டாங்க. இந்தப் பாவம் எம்பேர்ல இருக்கட்டும்." இருமிக்கொண்டே காலனி முழுக்க அவர் ஒருவரே மூடினார்.

மூடி முடித்த வாரம், வாழப்பாடியில் இருக்கும் மகள் கவிப்பிரியா வீட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. மருதாயி இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொல்லிப் பார்த்தாள்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் துணிப்பையோடு கண்ணம்மாள் மருதாயியின் வாசலுக்கு வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, ஓரத்தில் கிடந்த தட்டைக் கல் ஒன்றைப் புரட்டிப் புரட்டிக் கொண்டுவந்தார். மூடின மண்ணின் மேல், வாசலுக்கு நேராகப் போட்டு, ஏறி நின்று மிதித்து ஆடாமல் பார்த்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பைப்பு வந்தா இங்க வெட்டச் சொல்லுங்க. வராட்டி, ஊத்துலயிருந்து ஏறி வந்ததும் கொடத்த இது மேல எறக்கி வெச்சுக்குங்க."