வெள்ளிக்கிழமை என்று எழுதப்பட்ட வியாழன்

இடது கை அடிக்கோலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, வலது கை பென்சிலால் தாளில் நான்கு கட்டங்கள் போட்டது. முதல் கட்டம் பயணியின் பெயருக்கு. இரண்டாவது, எந்தக் கதவு, வண்டியை எங்கே நிறுத்துவது என்று சொல்ல. மூன்றாவது நாளுக்கும் நேரத்துக்கும். நான்காவது எடைக்கு. கட்டங்கள் முடிந்ததும் பென்சில் காதுக்கு மேல் ஏறியது, கறுப்பு மைப் பேனா இறங்கியது. எழுத்து ஒவ்வொன்றும் அரை அங்குல உயரம். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வருகிறவரும் படித்துவிடலாம்.

விமானிகளுக்கான தாளைக் கணினியே அச்சிட்டுத் தரும். அதில் பாதி சுருக்கெழுத்து, மீதி எண்கள். முதல் தடவை தனி விமானத்தில் ஏறுகிறவருக்கு மட்டும் வெர்னா ஹோல்கம்ப் கையால் எழுதுவாள். விச்சிட்டா விமான நிலையத்தின் தெற்கு ஓரத்தில், நான்கு சிறிய ஜெட்களை வாடகைக்கு விடும் எங்கள் அலுவலகத்தில், முப்பத்தொரு வருஷமாக அவளுக்கு அதே மேசை. எதிர் மேசை என்னுடையது. வானிலையும் எரிபொருளும் பார்ப்பது என் வேலை.

அதற்கு முன் அவள் நியூட்டனில் ஒரு மாட்டுத்தீவனக் கடையில் இருந்தாள். இங்கே தொலைபேசி எடுக்க வந்த முதல் நாளே ஒருவர் கூப்பிட்டு, இந்த வாரம் எம்ப்டி லெக் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. அன்று சாயங்காலமே சமையல் குறிப்பு எழுதும் சிறு அட்டைகள் ஒரு பெட்டி வாங்கி, காதில் விழுந்த சொற்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லையும் மூன்று விமானிகளிடம் தனித்தனியாகக் கேட்பாள். மூவரும் ஒரே மாதிரி சொன்னால்தான் அட்டை மையில் எழுதப்படும். அதுவரை பென்சில்தான்.

எம்ப்டி லெக் அட்டையில் இப்படி இருக்கும்: "கோதுமை இறக்கிவிட்டு லாரி காலியாகப் போகிறது. அது போகும் ஊருக்கு, அது போகும் நேரத்தில் நீங்களும் ஏறிக்கொண்டால் மலிவு. லாரிக்காரருக்கு வேலை மாறினால் உங்கள் பயணமும் மாறும்." டூட்டி நேரம் என்ற அட்டை இன்னும் சுருக்கம்: "விமானி வேலைக்கு வந்ததிலிருந்து பதினாலு மணி நேரம். அதற்குள் இறங்கி, விமானத்தைப் பூட்டிவிட வேண்டும். கெஞ்சிப் பயனில்லை."

ஜூலு நேரத்துக்கு மட்டும் அட்டை கிடையாது. அது லண்டன் பக்கத்து நேரம். ஊருக்கு ஊர் கடிகாரம் மாறுவதால், குழப்பம் வராமல் விமானக்காரர்கள் எல்லோரும் அந்த ஒரே நேரத்தில்தான் எழுதுவோம். பயணி காதில் அந்தச் சொல்லே விழக்கூடாது என்பது வெர்னாவின் சட்டம். ஆனால் அவள் வீட்டுச் சமையலறைக் கடிகாரமே ஜூலுவில்தான் ஓடும். எங்கள் வீட்டில் ராச்சாப்பாடு நடுராத்திரி பன்னிரண்டுக்கு என்று அவள் கணவன் லிராய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பான்.

ஜூன் மாதம், அறுவடை உச்சத்தில் இருந்த ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் மூன்றரை மணி. வெர்னா எழுதிக்கொண்டிருந்தது ஆம்ப்ரோஸ் டிரைலிங் என்பவருக்கான தாள். மக்பெர்சனில் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்றுவிட்டு, மொன்டானாவில் போஸ்மன் ஊரில் இருக்கும் தங்கையோடு குடியிருக்கப் போகிறார். கூடவே அவருடைய நாய், மேயர். கன்றுக்குட்டி அளவு இருக்கும் மாஸ்டிஃப் ஜாதி. வழக்கமான விமானத்தில் அவ்வளவு பெரிய நாயை உள்ளே விடமாட்டார்கள், வெயில் காலத்தில் சரக்கறையிலும் ஏற்றமாட்டார்கள். ஆயிரம் மைல் காரோட்ட ஆம்ப்ரோஸுக்குக் கண் பத்தாது. மூன்று மாதம் காத்திருந்து, போஸ்மனுக்குக் காலியாகப் போகும் எங்கள் ஜெட் ஒன்றை வெர்னா அவருக்குப் பிடித்துக் கொடுத்திருந்தாள். இது தவறினால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

நாயின் எடை கேட்கத்தான் அவருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"நூத்தம்பது பவுண்டுன்னு வெச்சுக்குங்க," என்றார் ஆம்ப்ரோஸ். "இன்னிக்கு ராத்திரி எனக்கு வழியனுப்பு விருந்து. அவனும் சாப்பிடுவான். நாளைக்குக் கொஞ்சம் கூடலாம்."

பேனா நின்றது. வெர்னா திரும்பிச் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். போஸ்மன், வெள்ளி, ஜூலு 00:30. ஜூலு கணக்கில் வெள்ளிக்கிழமை பிறந்து அரை மணி நேரம் ஆகும்போது, விச்சிட்டாவில் வியாழன் மாலை ஏழரை. போன வாரம் ஆம்ப்ரோஸுக்குச் சொல்லும்போது வெர்னா மணியை நம் நேரத்துக்கு மாற்றியிருக்கிறாள். கிழமையை மாற்றவில்லை.

புதிதாக வந்தவர்கள் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். அவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். ஜூலு ரத்தத்தில் ஊறிப்போனவர்களுக்குத்தான் இது வரும்.

"ஆம்ப்ரோஸ், நான் உங்களுக்கு வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன். அது தப்பு. என்னோட தப்பு. விமானம் இன்னிக்கு ஏழரைக்குக் கிளம்புது."

ஸ்பீக்கரில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"இன்னிக்குன்னா, இன்னிக்கா?"

"ஆமா."

"நான் இன்னும் சட்டையே மடிக்கலியேம்மா. நாளைக்குப் போனா என்ன?"

"காலைல ஒன்பது மணிக்கு அங்கிருந்து நாலு பேர் மீன்பிடிச்சு முடிச்சுட்டு ஊருக்குத் திரும்பறாங்க. அவங்களுக்காகத்தான் விமானமே போகுது. அதுக்கு முன்னால விமானிங்க பத்து மணி நேரம் தூங்கியாகணும். அதனால இன்னிக்கேதான்."

"சட்டை கிடக்கட்டும், பையில திணிச்சுக்கறேன். ஆனா மேயருக்கு டாக்டர் சர்டிஃபிகேட் வேணும்னீங்களே. அந்தம்மா நாளைக்குக் காலைல தரேன்னிருக்கு. இப்ப எங்கேயோ பண்ணையில மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கிட்டிருக்கு."

வெர்னா பேனாவை மூடினாள். "ராத்திரி விருந்துக்கு அவங்க வர்றாங்களா?"

"வராம? பியராக்கு ரொட்டி இருக்குன்னா நாலு ஊர் தாண்டி வரும்."

"விருந்துக்கு மொத்தம் எத்தனை பேர்?"

"என்னையும் சேத்து இருபத்திமூணு."

"எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க. எங்க காத்திருப்புக் கூடத்துல முப்பது பேர் உக்காரலாம். டாக்டர் நேரா இங்கயே வரட்டும். கையெழுத்து போட்டுட்டு சாப்பிடட்டும்."

"அப்ப ஆறு மணி விருந்து?"

"ஆறே முக்காலுக்கு, விமான நிலையத்துல. நீங்க சட்டையை மட்டும் பாருங்க. ஊர்க்காரங்க நம்பரையெல்லாம் எனக்குச் சொல்லுங்க, நான் கூப்பிடறேன்."

இருபத்திரண்டு பேரையும் அவளே கூப்பிட்டாள். ஒவ்வொருவரிடமும் தப்பு தன்னுடையது என்று முதலில் சொன்னாள். எனக்கே சலித்துவிட்டது. ஏழாவது ஆளிடம் சொல்லும்போது, "சுருக்கமா சொல்லேன் வெர்னா" என்றேன். "முழுசா சொன்னாத்தான் டெல், கிழவர் மேல பழி போகாது" என்றாள்.

கேப்டன் கஸ் லிண்ட்க்விஸ்ட் ஐந்து மணிக்கு உள்ளே வந்தார். காலை ஒன்பதுக்கு வேலைக்கு வந்தவர். வெர்னா நடந்ததைச் சொன்னாள்.

"முப்பத்தொரு வருஷம் எங்களுக்கெல்லாம் கிழமை சரிபார்த்த பொம்பளை நீ," என்றார் கஸ். "லிராய் கிட்ட நான்தான் சொல்லுவேன்."

"சொல்லிக்கோ. எதுவரைக்கும் காத்திருப்பே?"

கஸ் விரல்விட்டு எண்ணினார். பதினாலு மணி நேரம் இரவு பதினொன்றுக்கு முடியும். பறக்க இரண்டு மணி இருபது நிமிடம். இறங்கிப் பூட்ட அரை மணி. "எட்டு பத்துக்குச் சக்கரம் தரையை விடணும். எட்டு பதினொண்ணுன்னா நான் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். அப்புறம் அந்த மீன்காரங்களுக்கு நீ பதில் சொல்லு."

"எட்டு பத்து," என்று வெர்னா கையில் எழுதிக்கொண்டாள்.

பழைய தாளைக் கிழித்துப் போட்டுப் புதுத்தாள் எடுத்தாள். அடித்துத் திருத்திய தாளை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. மறுபடி கோடு, மறுபடி கட்டம். நாள் கட்டத்தில் "வியாழன், இன்று மாலை, விச்சிட்டா நேரம்" என்று எழுதிவிட்டு, மணியை எழுத இடம் விட்டாள். எடைக்கும் இடம் விட்டாள்.

ஆறு ஐம்பதுக்குள் கூடம் நிறைந்துவிட்டது. கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்துச் சுட்ட பியராக்கு ரொட்டி மூன்று பெரிய தட்டு நிறைய, பக்கத்தில் செர்ரிப் பழ இனிப்பு. ஆம்ப்ரோஸ் நான்கு நாள் தாடியோடும் வாய் பிதுங்கிய இரண்டு பைகளோடும் வந்து சேர்ந்தார். மேயர் முதலில் ஒவ்வொரு முழங்காலையும் மோந்து பார்த்தது, பிறகு கஸ்ஸின் பூட்ஸ் மேல் படுத்துக்கொண்டது.

"விமானத்தை யார் ஓட்டறாங்கன்னு கண்டுபிடிச்சுட்டான் பாருங்க," என்றார் ஆம்ப்ரோஸ்.

நாயைச் சரக்குத் தராசில் ஏற்றினோம். நூற்று அறுபத்தெட்டு.

"நூத்தம்பதுன்னீங்களே?"

"அது அவன் வெட்கப்படுவான்னு சொன்னது."

"உங்களையும் ஏத்திப் பாக்கணும்," என்றாள் வெர்னா. ஆம்ப்ரோஸ் தன் எடை என்று சொன்னதற்கும் தராசு சொன்னதற்கும் பதினோரு பவுண்டு வித்தியாசம். கூடத்தில் யாரோ கைதட்டினார்கள்.

ஏழரை ஆனது. டாக்டர் கோரின் ஸ்டக்கி வரவில்லை. ஏழு நாற்பதுக்கு வெர்னா கூப்பிட்டாள். கன்று பிறந்துவிட்டது, ஆனால் சாலையில் முன்னால் ஓர் அறுவடை இயந்திரம் அகலமாக ஊர்ந்துகொண்டிருக்கிறது, முந்த வழியில்லை என்றார் டாக்டர். ஆம்ப்ரோஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவன் இல்லாம நான் ஏறமாட்டேன் வெர்னா," என்றார், மெதுவாக.

"தெரியும். அதனாலதான் உங்க பையை இன்னும் ஏத்தல. டாக்டர், அது யாரோட இயந்திரம்? என்ன நிறம்?"

"பச்சை. பின்னாடி ரெம்பெல்னு எழுதியிருக்கு."

வெர்னா போனைக் கையால் மூடிக்கொண்டு கூடத்தைப் பார்த்தாள். "இங்க யாருக்காவது ரெம்பெலைத் தெரியுமா?"

செர்ரி இனிப்பு பரிமாறிக்கொண்டிருந்த பெண்மணி கரண்டியைக் கீழே வைத்தாள். "என் மச்சான்தான். பக்கவாட்டுக் கண்ணாடியே பாக்கமாட்டான், மடையன்." தன் கைப்பேசியை எடுத்தாள். "ஹேய், ஓரமா ஒதுங்குடா. பின்னாடி டாக்டரம்மா வருது. ஏன்னு கேக்காத, ஒதுங்கு."

ஏழு ஐம்பத்திரண்டுக்கு டாக்டர் சேற்றுப் பூட்ஸோடு ஓடிவந்தார். மேயரின் கண், பல், நெஞ்சு எல்லாவற்றையும் முறைப்படி பார்த்தார். அவசரத்துக்காக எதையும் விடவில்லை. வெர்னா குனிந்து முதுகைக் கொடுக்க, அதன்மேல் தாளை வைத்து டாக்டர் கையெழுத்துப் போட்டார். கஸ் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். வாயில் பியராக்கு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு விமானத்துக்கு நடந்தார். துணை விமானி பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். கஸ்ஸின் பூட்ஸைப் பார்த்தபடி மேயரும் போனது, சாய்பலகையில் தானாகவே ஏறி உள்ளே மறைந்தது.

வெர்னா தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். எடைக் கட்டத்தில் இரண்டு எண்களை எழுதினாள். நேரக் கட்டத்தில் எட்டு மணி ஐந்து நிமிடம் என்று எழுதி, கிழமையை விரலால் தொட்டு இன்னொரு முறை படித்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்து, என்னையும் பார்த்து, "டெல், இன்னிக்கு என்ன கிழமை?" என்றாள்.

"வியாழன்."

"விச்சிட்டாவுல?"

"விச்சிட்டாவுல."

மை காயும்வரை ஊதினாள். வெளியே போய், படிக்கட்டில் ஒரு கால் வைத்து நின்ற ஆம்ப்ரோஸிடம் தாளை இரண்டு கையாலும் கொடுத்தாள்.