ஊறுகாய்த் தொட்டியில் விழுந்த ஓட்டைகள்

தென்காசியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மாடிப்படிக் கைப்பிடி, ஓட்டல் தொட்டி என்று எவர்சில்வர் வேலைதான் அதிகம். தகட்டின் தரம் பார்க்க இத்தனை வருடமும் நான் நம்பியது ஒரு காந்தத்தைத்தான். ஒட்டாவிட்டால் அது 304 ரகம், நல்ல தகடு. அப்படித்தான் கற்றுக்கொண்டேன், வருகிறவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன்.

பண்பொழிப் பக்கம் ஒரு அக்கா எலுமிச்சை ஊறுகாய் போட்டு விற்றுவந்தார். கணவர் சவூதியில். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருந்தார். உப்பு போட்டுக் கிளறுவது அவர்களில் ஒருத்தியின் வேலை. பிளாஸ்டிக் டிரம்மை விட்டுவிட்டு எவர்சில்வர் தொட்டிக்கு மாற வேண்டுமென்று என்னிடம் வந்தார். உப்பும் புளிப்பும் நாள்கணக்கில் ஊறிக் கிடக்குமே, தகடு தாங்குமா என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே காந்தத்தை வைத்துக் காட்டினேன். அது ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அவர் நம்பிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, தொட்டி கசிகிறது என்று போன் வந்தது. பற்றவைத்த இடத்தில் ஏதோ சிறு துளை, அரை மணி வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். நிமிர்த்தி உள்ளே டார்ச் அடித்தேன். அடித்தகடு முழுவதும் ஊசியால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள். ஒன்றில் ஆணி நுனியை வைத்து லேசாக அழுத்தினேன். மறுபக்கம் வந்துவிட்டது.

அக்கா மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு மாசமாவே ருசி சரியில்ல அண்ணாச்சி. கறுத்துப் போவுது, இரும்பு வாடை அடிக்குது. கிளறுத அந்தப் புள்ள உப்பு போடுதது சரியில்லன்னு நெனச்சு, அவள வேலைய விட்டு நிப்பாட்டிட்டேன்."

மறுநாள் காலை அந்தத் தகட்டில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன். அங்கே தகடு சோதிப்பவர் அதன்மேல் ஒரு சொட்டு மருந்தை விட்டு, சின்ன பேட்டரியின் ஒயரைத் தொட வைத்தார். சொட்டு சிவந்துவிட்டது. இது 304 இல்லை, மாங்கனீசு கலந்த மலிவுத் தகடு, 202 என்றார். காந்தம் ஒட்டவில்லையே என்றேன். அது இரண்டிலுமே ஒட்டாது என்றார். நிஜமான 304 ஆகவே இருந்தாலும் உப்பும் எலுமிச்சையும் அதைத் தின்றிருக்கும், இந்த வேலைக்குக் குறைந்தது 316 வேண்டும், ஊறப்போடப் பழையபடி பிளாஸ்டிக் டிரம்தான் நல்லது என்றும் சொன்னார். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்குக் காந்தத்தைக் காட்டியிருப்பேன்!

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணிடம் நாம் இரண்டு பேரும் போய்ச் சொல்ல வேண்டும் என்றார்.

அவள் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சீசன் நேரம், வெளியே ஈரத்துணியோடு ஒரே கூட்டம். பின்வாசலில் நின்று, தப்பு என்னுடையது, தகட்டுடையது, உன்னுடையது இல்லை என்று சொன்னேன். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்ப வரச் சொன்னார்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க வீட்டுலயும் நான்தான் உப்ப அள்ளிக் கொட்டிட்டேன்னு சொன்னாவ. நாளாக நாளாக நானும் அப்படித்தான் போலன்னு நம்பிட்டேன் அண்ணாச்சி."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உள்ளே யாரோ கூப்பிட, கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டாள்.

தொட்டியை 316-இல் மறுபடி செய்து கொடுத்தேன், கலப்பதற்கு மட்டும். தகட்டோடு வந்த சான்றிதழை அக்கா வாங்கி, வரி வரியாக வாசித்த பிறகுதான் தொட்டியை உள்ளே எடுக்கவிட்டார். அந்தப் பெண் திரும்பி வரவில்லை. சீசன் முடிந்த பிறகும் லாட்ஜிலேயே இருந்துவிட்டாள்.