நாங்கு மரத்தடியில் நான் பிடுங்கிய பதினொரு கன்றுகள்

நவம்பரில், மழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலையடிவாரத்துக் காட்டுக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. காட்டில் தானாக முளைத்த மரக்கன்றுகளை எண்ணும் வேலைக்கு. இந்த வேலைக்குப் போக நினைக்கும் இரண்டு பேர், வழி, செலவு எல்லாம் கேட்டு இங்கே எழுதியிருந்தீர்கள். ஒரு மாதிரி பயத்தோடு போய் இன்னொரு மாதிரி பயத்தோடு திரும்பிய பயணம் இது. அதனால் வழியை மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாக இருக்கும்.

எனக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டேன். கரமனையில் ஒரு செடி நர்சரியில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். பையில் மண் நிரப்புவேன், விதை ஊன்றுவேன், முளைத்ததைப் பிரித்து வைப்பேன். அங்கே அடிக்கடி வரும் அகிலா அக்கா நகரில் ஸ்ரீவராகம் பகுதிக்காரர், காட்டு மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். இரண்டே இலை விட்ட முளையைப் பார்த்து அது என்ன மரம் என்று நான் சொல்வதைக் கவனித்திருக்கிறார். “ஒரு நாள் காட்டுக்கு வந்து பாரு. சரியா வந்தா மாசம் ஒருக்கா, ரெண்டு வருஷத்துக்கு வேலை உண்டு” என்றார்.

மழைக்காலம் முடிந்தால் நர்சரியில் வேலை குறைந்துவிடும். இது கிடைக்காவிட்டால், தை மாதத்திலிருந்து அண்ணன் மனைவியோடு ஹோட்டல் சமையலறைக்குப் போவதாக வீட்டில் பேச்சு. அங்கே நாள் முழுக்க ஆட்கள், கூச்சல். என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். மதினிக்கு இது சிரிப்பு. “செடிய எண்ணுததுக்குச் சம்பளமாம்லா. எங்க ஹோட்டல்ல நான் தெனம் ஐநூறு தோசை எண்ணுதேன், எவன் குடுக்கான்?” என்றாள்.

தம்பானூரிலிருந்து காலை 6.10 பேருந்தில் அகிலா அக்காவோடு ஏறினேன். விதுரா வரை ஏறக்குறைய 37 கிலோமீட்டர், டிக்கெட் 48 ரூபாய். “ஒரு விதுரா” என்று கண்டக்டரிடம் சொல்வதற்கு நெடுமங்காடு வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அகிலா அக்கா அதற்குள் இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கிவிட்டிருந்தார். 7.45க்கு விதுரா. அங்கே தோசையும் சாயாவும் 60 ரூபாய். கல்லாறு தாண்டி இரண்டாவது கொண்டை ஊசி வளைவு வரை ஜீப், 400 ரூபாய். பிறகு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. கல்லாறு தாண்டியதும் போனில் சிக்னல் போய்விடும். அதற்குள் அம்மா நான்கு முறை கூப்பிட்டிருந்தாள்.

வனத்துறை வாட்சர் சுகுமாரன் அண்ணன் ஜீப் நின்ற இடத்தில் காத்திருந்தார். கால்களில் உப்பும் புகையிலைத் தூளும் தேய்க்கச் சொன்னார், அட்டைக்காக. “மோளுக்கு ஆனையெப் பேடியா, அட்டையெப் பேடியா?” என்று மலையாளத்தில் கேட்டார். பேடி என்றால் பயம். எனக்கு அன்றைக்கு அகிலா அக்காவைப் பார்த்துத்தான் பயம், தப்பாகச் செய்துவிடுவேனோ என்று. அதைச் சொல்லாமல் “அட்டை” என்றேன்.

நாங்கு மரத்தை ஒன்பதரைக்கு அடைந்தோம். இரும்பு போல் கட்டை உள்ள காட்டு மரம்; அதன் கன்றுகளைத்தான் எண்ண வேண்டும். அண்ணாந்தால் உச்சி தெரியவில்லை. அடியில் தரை முழுக்கக் கன்றுகள், செம்பு நிறத்தில் தளிர் இலையோடு, விரல் வைக்க இடமில்லை. மரத்திலிருந்து இரண்டு, பத்து, இருபது, நாற்பது மீட்டர் தூரங்களில் அகிலா அக்கா கயிறு கட்டிச் சதுரங்கள் போட்டிருந்தார். ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் எண் போட்ட தகடு கட்டி, உயரம் அளந்து எழுத வேண்டும். மாதா மாதம் வந்து எது இருக்கிறது, எது செத்தது என்று பார்க்க வேண்டும்.

“தாய் மரத்தடியிலேதான் விதை நிறைய விழும், நிறைய முளைக்கும். ஆனா அங்கேயே பொழைக்கறதோன்னுதான் தெரியணும். அந்த மண்ணுலே அதே மரத்துக்கு ஆகாத பூஞ்சை எல்லாம் சேந்திருக்கும்னு நினைக்கறேன். தள்ளி விழுந்தது தப்பிச்சுக்கும். சில மரத்துக்கு நேர்மாறா, தாயோட வேர் மண்ணுதான் குட்டிக்குச் சோறு போடும். நாங்கு எந்தக் கட்சின்னு பாக்கணும்” என்றார். இரண்டு மீட்டர் சதுரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, நாற்பது மீட்டருக்குப் போனார். அந்தப் பக்கம் ஆனைச் சாணம் கிடந்ததால் சுகுமாரன் அண்ணனும் கூடப் போனார்.

தனியாக இருந்ததும் கை ஓடத் தொடங்கியது. தகடு கட்டுவேன், அளப்பேன், எழுதுவேன். நாற்பத்து மூன்று வரை வந்தேன். நாற்பத்து நான்காவது தகட்டை இடது கையில் எடுக்கப் போனபோது, அந்தக் கையில் இடமில்லை. விரித்துப் பார்த்தால் உள்ளே பதினொரு கன்றுகள்.

நர்சரியில் ஒரு பைக்கு ஒரு கன்றுதான். இரண்டு முளைத்தால் மெலிந்ததை நுனிவிரலால் பிடுங்குவோம். வாடியது தெரிந்தால் அதையும் எடுப்போம். கீழே போட்டால் அழுகல் பரவும் என்பதால் இடது கைக்குள் வைத்துக்கொள்வோம். இரண்டு வருடமாக அதைச் செய்த கை, இங்கேயும் என்னைக் கேட்காமல் செய்துவிட்டது. அதுவும் எது சாகிறது என்று பார்ப்பதற்காகவே கயிறு கட்டிய இடத்தில்.

முதலில் தோன்றியது, திரும்ப நட்டுவிடலாம் என்பது. விரலால் குழி போட்டு ஏழு கன்றுகளை நட்டு, கட்டைவிரலால் மண்ணை அழுத்தினேன். நேராக நின்றன, யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவற்றுக்கும், கட்டாமல் மிச்சமிருந்த எட்டுக்கும் தகடு கட்டினேன். மீதி நான்கும் தண்டு மடிந்தவை, நிற்கவில்லை. அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். “ஆச்சா?” என்று தூரத்திலிருந்து குரல் வந்தது. “ஆச்சுக்கா” என்றேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு பாறையில் சாப்பிட உட்கார்ந்தோம். அகிலா அக்கா என் தாளைப் பார்த்து, “அம்பத்தெட்டா? எழுத்து என்ன அழகா இருக்கு” என்றார். அந்த ஏழும் பதினைந்து நாளில் செத்துவிடும். அடுத்த மாதம் அக்கா வந்து பார்த்து, தாய் மரத்தடியில் நிறைய செத்திருக்கிறது என்று எழுதுவார். அவர் எதிர்பார்க்கும் விடையே அதுதான். அதனால் சந்தேகமே வராது. நான் சொல்லாவிட்டால் வேலை கிடைக்கும், அவருக்கும் சந்தோஷம். பொய் மட்டும் அந்தத் தாளில் இருக்கும்.

சட்டைப் பையிலிருந்து நான்கையும் எடுத்து அவருடைய டப்பா மூடியில் வைத்தேன்.

“என்ன இது?”

“கட்டத்துக்குள்ள இருந்ததுக்கா. இன்னும் ஏழு இருக்கு. அத திரும்ப நட்டுட்டேன்.”

“எதுக்குப் பிடுங்கினே?”

“நெருக்கமா இருந்துச்சு.”

சுகுமாரன் அண்ணன் சிரித்துவிட்டார். “எண்ணான் கொண்டுவந்த ஆளு களை பறிச்சல்லோ.” எண்ணக் கூட்டிவந்த ஆள் களை பறித்துவிட்டாளே என்று.

“சிரிக்காதீங்கோ அண்ணா” என்றார் அகிலா அக்கா. தண்ணீர் குடித்தார், டப்பாவை மூடினார், எழுந்து நடந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சதுரத்தருகே போய், “எந்த ஏழு?” என்றார். காட்டினேன். கட்டைவிரல் தடத்தை வைத்து எனக்கு எல்லாம் தெரிந்தது. அவற்றை எடுத்து, முந்தைய நான்கோடு சேர்த்து உறையில் போட்டார். “இதை இனி கணக்குலே சேக்க முடியாது. மரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டம் போடணும். நாலு மணி பஸ் போச்சு.” கயிறு கட்டி முடித்ததும், “நீ தகடு மட்டும் எடுத்துக் கொடு. நான் எண்ணறேன்” என்றார்.

ஒன்றரை மணி நேரம் தகடு எடுத்துக் கொடுத்தேன். என் கையை அவர் பார்க்கும்படி முன்னாலேயே வைத்துக்கொண்டேன். இருபதாவது கன்றோ என்னவோ, சாய்ந்து கிடந்தது. “பூச்சி கடிச்சிருக்கு” என்று அவர் எழுதப் போனார். பேசலாமா என்று தயங்கினேன்.

“பூச்சி இல்லக்கா. தண்டு மண்ண தொடுற எடத்துல நூலாட்டம் ஆயிருக்கு பாருங்க. அழுகல். நான் பிடுங்குன நாலும் இப்படித்தான். இது வந்துச்சுன்னா, அந்த மண்ணுல நாங்க அதே செடியப் போட மாட்டோம். வேற செடி போட்டா பெரும்பாலும் வந்துரும்.”

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “வேறே செடி வருமா? அதே மண்ணுலேயா?”

“எல்லா அழுகலும் அப்படி இல்ல. சிலது எதையும் விடாது.”

உறையிலிருந்த நான்கையும் எடுத்துத் தண்டின் அடியை வெகுநேரம் பார்த்தார். அந்த இடத்து மண்ணை ஒரு பையிலும், நாற்பது மீட்டர் இடத்து மண்ணை இன்னொரு பையிலும் அள்ளினார். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினார். “மிச்சத்தை நீ எண்ணு. நான் பக்கத்துலேயே உக்காந்துண்டிருப்பேன்.” அந்த மிச்சத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

விதுராவில் 5.25 பேருந்து. நெடுமங்காட்டில் கூட்டம் இறங்கிய பிறகு அகிலா அக்கா சொன்னார்: “டிசம்பர் மொதல் ஞாயித்துக்கிழமை வா. ஆனா இனிமே ஒரு கட்டத்துக்கு ரெண்டு பேர். ஒருத்தர் தொடணும், ஒருத்தர் எழுதணும். எனக்கும் சேத்துத்தான்.” 7.10க்குத் தம்பானூர். இரண்டு பேர் என்றது என்னை நம்பிச் சொன்னதா, நம்பாமல் சொன்னதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. ஆனால் வரச் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வன அனுமதி இல்லாமல் சாலையை விட்டு உள்ளே இறங்காதீர்கள். உங்களை அழைத்துப் போகிறவர்தான் அதை முன்கூட்டி வாங்க வேண்டும். விதுராவிலிருந்து மாலைப் பேருந்துகள் குறைவு, காலையிலேயே நேரம் கேட்டு வையுங்கள். முழங்கால் வரை காலுறை, இரண்டு ஜோடி. தண்ணீர் இரண்டு லிட்டர். செடிகளோடு வேலை செய்து பழகியவராக இருந்தால், கட்டத்துக்குள் வேலையில்லாத கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். தவறு நடந்துவிட்டால், மரத்தடியில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். அங்கே அழுத்திய மண்ணைக் காட்டலாம், பிடுங்கிய கன்றைக் காட்டலாம். கீழே இறங்கி வந்த பிறகு மிஞ்சுவது தாளில் ஒரு எண்தான். என் தாளில் இருந்த ஐம்பத்தெட்டு, பார்க்க அவ்வளவு சரியாக இருந்தது.