டெல்லி வண்டியின் பின்னங்கால்

மாடு வாங்கும்போது என் வீட்டுக்காரரை ஒருவராலும் ஏமாற்ற முடியாது. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், கடைசியாக மாட்டை நடக்கவிட்டுப் பின்னால் போய் நிற்பார். முன்னங்கால் வைத்த தடத்தில் பின்னங்கால் நேராக விழுந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அப்படிப்பட்ட மனிதர் கார் வாங்கி ஏமாந்த கதையை நான்தான் சொல்ல வேண்டும். அவரைக் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விடுவார்.

எங்களுக்கு ஒரே பெண். பழையசீவரத்தில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணத்தன்று வாடகை வேனில் அவள் அழுதுகொண்டே போனதை இவரால் தாங்க முடியவில்லை. "தலப்பிரசவத்துக்கு என் பொண்ண சொந்த வண்டிலதான் கூட்டினு வருவேன்" என்று சம்பந்தி வீட்டுப் பந்தியிலேயே சொல்லிவிட்டார். சொன்னதற்காகவே ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். மானாம்பதி சாலையில் அவர் பழகிய நாட்களில் ஆடுகள்கூட ஓரமாக நடக்கக் கற்றுக்கொண்டன.

மகளுக்கு வளைகாப்பு நாள் குறித்ததும் தரகர் வந்து நின்றார். முன்பு எங்களுக்கு மாடு பிடித்துக் கொடுத்தவர், இப்போது கார் பிடித்துக் கொடுக்கிறார்.

"ஃபாரின் வண்டிண்ணா. கப்பல்ல வந்தது. டெல்லில ஒரு ஆபீசர் பூ மாதிரி வெச்சிக்கினு இருந்தாரு. இந்த ரேட்டுக்கு கனவுல கூட கெடைக்காது."

இரண்டு பேரும் மாட்டுச் சந்தையில் போலத் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசினார்கள். காருக்கு! பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவர் டயரை உதைத்துப் பார்த்தார், பானெட்டைத் திறந்து மூடினார். பிறகு உள்ளே உட்கார்ந்தார். தரகர் ஏசியைப் போட்டார். அந்தக் குளிர் முகத்தில் பட்டதும் இவர் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், சோதனை முடிந்துவிட்டது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று தெருவாசலைக் கூட்டி, சாணம் தெளித்து, ஈரம் காயாமல் வைத்திருந்தேன். புது மாப்பிள்ளை போல வண்டி நேராக வந்து நின்றது. ஊரே சுற்றி நின்று தடவிப் பார்த்தது. ஆரத்தி சுற்றிய தண்ணீரைக் கொட்ட நான் வண்டிக்குப் பின்னால் போனேன். தரையைப் பார்த்தேன். நேராக வந்த வண்டிக்கு இரண்டு தடம் இருக்க வேண்டும். நான்கு இருந்தன. பின்சக்கரங்கள் இரண்டும் முன்சக்கரத் தடத்தை விட்டு, ஒரே பக்கமாக நாலு விரல் தள்ளி உருண்டிருந்தன.

கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊரு கண்ணு போதாதுன்னு வூட்லயே ஒரு கண்ணு! போமே அந்தாண்ட."

எனக்கு மட்டும் கோபம் வராதா? "யோவ், மாட்ட நடக்க வுட்டு பின்னால நின்னு பாப்பியே, இத்த பாத்தியா? ஏசிய போட்டதும் மயங்கிட்ட. இதுல என் பொண்ண ஏத்திக்கினு வரப்போறியா, நெறமாசக்காரிய?"

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பார்க்கிறேன், அவரே தெருவில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். என் தம்பியைக் கூப்பிட்டு வண்டியை ஓட்டச் சொன்னார். பின்னால் போய், இரண்டு கையையும் முதுகில் கட்டிக்கொண்டு நின்றார். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது. என் வாய்க்கு ஒரு பூட்டு போட்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

உத்திரமேரூர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் தரைவிரிப்பை உரித்ததும் மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "பெரிய அடிண்ணா. முன்பக்கம் வேற வண்டியோடது, வெல்டு வெச்சி ஒட்டிக்கிறாங்கோ. அதான் கோணலா போவுது." ஸ்டீயரிங் நடுவில் இருந்த மூடியைக் கழற்றினார். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் பழைய துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். அது இல்லையென்று காட்டுகிற விளக்கு எரியாதபடி ஒயரையும் வெட்டியிருந்தார்கள்.

"பக்கத்து சீட்ல?" என்று கேட்டார் இவர். மகளை உட்காரவைக்க நினைத்திருந்த சீட் அது.

"அங்க துணி கூட கெடையாதுண்ணா. எங்கனா மோதினா நேரா டேஷ்போர்டுதான்."

இவர் அந்தச் சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

தரகரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு அவர் அசரவே இல்லை. "எனக்கு இன்னாண்ணா தெரியும்? வந்த வண்டிய காட்னேன். உட்டுத் தள்ளு, செங்கல்பட்டு பக்கம் ஒரு பார்ட்டி கீது. பெயிண்ட் பளபளன்னுதான கீது, மாத்தி உட்ரலாம்."

"அவன் வூட்லயும் பொம்பள புள்ள இருக்குமேடா" என்றார் இவர். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. ஆசை ஆசையாக வாங்கிய வண்டி வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரை நான் அவ்வளவு நேசித்தது அன்றைக்குத்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்.

வளைகாப்புக்கு வாடகைக் காரில் போய் இறங்கினோம். சம்பந்தி வாசலுக்கே வந்து, "எங்க சொந்த வண்டி?" என்று கேட்டார். ரிப்பேர், சர்வீஸ் என்று எதையாவது சொல்வார் என நினைத்தேன். இவர் எல்லார் முன்னாலும், "ஏமாந்துட்டேன் சம்பந்தி. அடிபட்ட வண்டி. அதுல என் பொண்ண ஏத்த மாட்டேன்" என்றார். சம்பந்தி இவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சாதமும் சாப்பிட்டுக் கிளம்பும்போது தூறல் போட்டுத் தெரு நனைந்திருந்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாடகைக் காரில் ஏறப் போனாள்.

"கொஞ்சம் இரு கண்ணு" என்றார் இவர். டிரைவரிடம் போய், "தம்பி, அந்தக் கோடி வரைக்கும் மெதுவா ஒரு ரவுண்டு போய்ட்டு வா" என்றார். ஒன்றும் புரியாமல் டிரைவர் ஓட்டினார். இவர் பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில், தூறலில், குனிந்து தரையைப் பார்த்தபடி வண்டிக்குப் பின்னாலேயே நடந்தார். சம்பந்தி வீட்டார் மொத்தமும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னா நைனா, பல்லு புடிச்சி பாக்கலயா?" என்று கத்தினாள் மகள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

இவர் சிரிக்கவில்லை. திரும்பி வந்த காரின் கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறு கண்ணு. காலு நேராதான் வெக்கிது."